அனுமதிக்குக் காத்திருந்த மூன்று பின்னூட்டங்கள்

வலைப்பதிவுக்கு ஒரு பெயர் வேண்டும், மணி அடிப்பதற்குள் வேண்டும் என்று வீணா மேடம் சொன்னபோது தாரணிக்கு வீட்டைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. மர்பி டவுனில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு குழாய் இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் மூன்றாவது வீடு. தபால்காரருக்கும் கேஸ் கொண்டுவருகிறவருக்கும் அந்த வீட்டில் சொல்கிற அடையாளம் அதுதான். அதையே ஆங்கிலத்தில் தட்டினாள்: குழாயிலிருந்து மூன்றாவது வீடு.

"இது பேரா, அட்ரஸா?" என்றான் சுனில். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பக்கத்து நாற்காலி அவனுடையது. மர்பி டவுனை அடுத்த அல்சூர்க்காரன்.

"உன்னுது இன்னா?"

"சுனில் ஸ்பீக்ஸ்."

"நீ எங்கடா ஸ்பீக்குன? வைவாவுல வாயே தொறக்கல."

அது 2007 ஜனவரி. இதழியல் இரண்டாம் ஆண்டில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு வலைப்பதிவு தொடங்கி, வாரம் ஒன்றாகப் பத்துப் பதிவுகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மற்றவர்களின் பதிவுகளில் இரண்டைப் படித்து அவற்றின் கீழே பின்னூட்டம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. போன வருடம் ஒரு பெண்ணின் பக்கத்தில் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டுப் போய், அவளுடைய அப்பா பிரின்சிபால் அறை வரைக்கும் வந்துவிட்டார். அதனால் இந்த வருடம் வீணா மேடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எல்லாரும் அவரையும் தங்கள் பக்கத்துக்கு உரிமையாளராகச் சேர்த்துவிட வேண்டும். வருகிற பின்னூட்டம் எதுவும் நேராகப் பக்கத்தில் வராது. உள்ளே ஒரு வரிசையில் போய் அனுமதிக்குக் காத்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே விடுவார்.

"முதல்ல ரோல் நம்பர் எழுதணும், அப்புறம்தான் விஷயம். ரோல் நம்பர் இருந்தா பாஸ் பண்ணுவேன். இல்லேன்னா அது நம்ம கிளாஸ் இல்லே, விடமாட்டேன். நீங்க யாரும் அந்தப் பக்கமே போக வேணாம், அது என் தலைவலி" என்றார், தமிழும் கன்னடமும் கலந்த அவருடைய ஆங்கிலத்தில்.

தாரணி முதல் வாரம் அப்பாவின் ஷூவைப் பற்றி எழுதினாள். கோவிந்தராஜன் ஒரு பழைய கிளப்பில் சாப்பாடு பரிமாறும் பேரராக இருந்தார். தினமும் காலையில் செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் பேசக் கூடாது. இரண்டாவது வாரம் தெருக்குழாய். மூன்றாவது வாரம் அம்மாவின் கைகள். பாஞ்சாலி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. ஊரார் குழந்தைகளைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அவள் கையில் பேபி பவுடர் வாசனை ஊறிப்போயிருந்தது. எதிலும் வனஜா வரவில்லை. வராமல் எழுதுவது தாரணிக்குக் கஷ்டமாகவும் இல்லை. அந்த வீட்டில் மூன்று வருடமாகப் பழகியிருந்த விஷயம் அது.

வனஜா அவளுடைய அக்கா. 2004 ஜூன் மாதத்தில் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய் ராஜேஷ்குமார் என்ற வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்த மறுநாள் காலை அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். தண்ணீர் பிடித்து, கிளப்புக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். செத்தவர்களுக்குச் செய்கிற தலைமுழுக்கு. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவையும் கூப்பிட்டு ஊற்றிக்கொள்ளச் சொன்னார். பிறகு சொம்பைத் தாரணியிடம் நீட்டினார். அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஜூன் மாதத்துத் தண்ணீர் காதுக்குள் இறங்கியது மட்டும்தான் அவளுக்கு இப்போதும் தெளிவாக நினைவிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. ஊற்றிக்கொண்டாள்.

அதன்பின் ரேஷன் கார்டிலிருந்து ஒரு பெயர் போயிற்று. யாராவது கேட்டால் அம்மா, "ஒரே பொண்ணு" என்றாள்.

ஐந்தாவது வாரத்துக்கு வீணா மேடம் தலைப்பே கொடுத்துவிட்டார்: உங்கள் வாழ்க்கையில் ஓர் இழப்பு. யாரோ நாயைப் பற்றி எழுதினார்கள். யாரோ தொலைந்துபோன சைக்கிளைப் பற்றி எழுதினார்கள். தாரணி அல்சூரில் ஒரு சைபர் சென்டரில் உட்கார்ந்து வெகுநேரம் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரே ஒரு இழப்புதான் இருந்தது. ஓடிப்போனாள் என்று எழுதினால் வகுப்பே படிக்கும். சுனிலின் அம்மா போகிற கோயிலுக்குத்தான் அவள் அம்மாவும் போகிறாள். எழுதாமல் விடவும் முடியவில்லை. கடைசியில், என் அக்கா காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து இறந்துபோனாள் என்று தொடங்கினாள். தொடங்கியதும் கை நிற்கவில்லை. அக்கா தலை வாரிவிடும்போது சீப்பைப் பல்லில் கடித்துக்கொள்வது, இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கணக்குப் பாடம் எழுதியது, அவள் போன பிறகு கட்டிலில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. காய்ச்சலைத் தவிர எல்லாம் உண்மை. பிப்ரவரி இருபத்திநாலாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் அதை வெளியிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது ஏதோ சுமை இறங்கிவிட்டதுபோல் லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்கே பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பதிவின் கீழே பதினொரு பின்னூட்டங்கள் வந்திருந்தன. எல்லாம் ரோல் நம்பரோடு தொடங்கி, எல்லாம் ஆறுதல் சொல்லின. சுனிலும் எழுதியிருந்தான். வீணா மேடம் வகுப்பில் அதை உரக்க வாசித்தார். தாரணி குனிந்து மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை, பதிவுகளையெல்லாம் அச்செடுத்துக் கோப்பாக்கித் தர வேண்டிய நாளில், மேடம் அவளை ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்தார்.

"தாரணி, உன் பக்கத்துல மூணு கமெண்ட் ரொம்ப நாளா நிக்குது. ரோல் நம்பர் இல்லே, இங்கிலீஷும் இல்லே. தமிழ் மாதிரி இருக்கு. யாராவது பையன் தொந்தரவு கொடுக்கறானா?"

"இல்ல மேடம்."

"நோடு, இங்க பாரு, எனக்குத் தமிழ் பேசினா புரியும், எழுதினா, அதுவும் இங்கிலீஷ் எழுத்துல, புரியாது. நீயே பாத்து டிலீட் பண்ணிடு."

கம்ப்யூட்டர் அறையில் அன்று கூட்டமில்லை. மேடம் சொல்லித் தந்த இடத்தைச் சொடுக்கினாள். அவள் ஒருநாளும் போகாத பக்கம் திறந்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழ். மூன்றுக்கும் தேதி இருந்தது.

ஜனவரி முப்பது. "தாரு, நீதானா? ஆபீஸ்ல சும்மா மர்பி டவுன்னு போட்டுத் தேடினேன், நம்ம குழாய் வந்து நிக்குது. அப்பா ஷூவைப் படிச்சிட்டுச் சிரிச்சேன், பக்கத்து சீட் பொண்ணு ஒரு மாதிரியாப் பாக்கறா. எப்ப இவ்ளோ இங்கிலீஷ் கத்துக்கின? பதில் போடு. வனஜா."

பிப்ரவரி பன்னிரண்டு. "பதில் காணோம். பயப்படறியா? அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதுடி. எனக்கு ஏழாம் மாசம் நடக்குது. 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வளையல் போடறாங்க. பொறந்த வீட்லேர்ந்து ஒருத்தர் மொதல் வளையல் போடணும்னு இவங்க வீட்ல சொல்றாங்க. அம்மாவைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்ல. நீ ஒருத்தி வந்தா போதும். காக்ஸ் டவுன்லதான் இருக்கேன்." கீழே வீட்டு விலாசமும், மாடிக்குக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் போன் நம்பரும் இருந்தன.

பிப்ரவரி இருபத்தாறு. "நேத்து ரெண்டு மணி வரைக்கும் பாத்தேன். இன்னைக்கு ஆபீஸ் வந்து தொறந்தா, நீ சனிக்கிழமையே பதில் எழுதி வெச்சிருக்க. நல்லா எழுதியிருக்க தாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சி. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

தாரணி மூன்றாவதைப் பலமுறை படித்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லேப் உதவியாளர் அப்பாதுரை வந்து, "ஏம்மா, சனிக்கெழம ஒரு மணிக்குப் பூட்டணும்" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்து, வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

காக்ஸ் டவுனுக்கு அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மூன்று வருடமாக அக்கா எங்கோ தூரத்தில், பெயர் தெரியாத ஊரில் இருப்பதாகவே தாரணி நினைத்திருந்தாள். அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். வழியில் வளையல் கடை ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கணம் நின்றாள். பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து, மேலே நடந்தாள்.

விலாசத்தில் இருந்தது பழைய ஓட்டு வீடு. பிற்பாடு மேலே ஓர் அறையும் சமையலறையும் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கேட்டில் மாட்டியிருந்த பலகையில் பெர்னதெத் என்று எழுதியிருந்தது.

"மாடி வீடு கொடுத்தாச்சும்மா. வர்ற வாரம் குடி வர்றாங்க."

"வீட்டுக்கு வரலீங்க. வனஜான்னு…"

"அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு வாரமாச்சே. அவருக்குப் பூனாவுக்கு மாத்திட்டாங்க. நீ என்ன, ஆபீஸ் ஃபிரெண்டா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"தங்கச்சி" என்றாள்.

பெர்னதெத் குழாயை மூடினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைக் கண்டா நாலு வார்த்த நல்லாக் கேக்கணும்னு வெச்சிருந்தேன். நேர்ல வந்து நின்னா வரமாட்டேங்குது. உள்ள வா."

உள்ளே ஒரு நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தார். தாரணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பத்து மணிக்குன்னுதான் சொன்னாங்க. அவ புருஷன் வீட்டு ஆளுங்க நாலு பேரு, டைம் ஆச்சு டைம் ஆச்சுன்னு ஒரே பேச்சு. இவ அந்த மாடிப்படியில உக்காந்துட்டா. ஆட்டோ வந்தா எந்திரிக்கிறது, போனா உக்கார்றது. அந்த வயித்தோட. தங்கச்சி வருவா ஆன்ட்டி, அவ கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, லேட்டாத்தான் வருவான்னு என்கிட்ட சொல்றா. நீ வாங்காம வந்துட்டேன்னா அவங்க முன்னால உனக்கு அசிங்கமாயிடும்னு, பொறந்த வீட்டு வளையல்னு ஒரு டஜன் அவளே வாங்கி என் பீரோவுல ஒளிச்சு வெச்சிருந்தா."

தாரணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு மேல அவங்க விடல. எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும், நான் கிறிஸ்தவச்சி. ஆனா யாராவது போடணுமில்ல? பீரோவுல இருந்ததை எடுத்து நான்தான் போட்டேன். போட்டு நெத்தியில ஒரு சிலுவையும் போட்டேன். அவங்க மொறைச்சாங்க. மொறைக்கட்டும்."

"அதுக்கப்புறம்?"

"மறுநாள் ஆபீஸ்லேர்ந்து வந்தா. ஆன்ட்டி, எனக்குத் தங்கச்சின்னு யாரும் கெடையாது, சும்மா சொன்னேன்னா. நான் சண்டைன்னு நெனச்சேன். ஆனா போற வரைக்கும் உன் பேரையே எடுக்கல பாரு, கடைசியில நெசமாவே கெடையாதோன்னு நானே நெனச்சிட்டேன். பிரசவத்துக்கு எங்கடி போவேன்னு கேட்டேன். பூனாவுல ஆஸ்பத்திரி இருக்கில்லன்னா."

விலாசம் அவரிடம் இல்லை. ராஜேஷ்குமாரின் கம்பெனி ஏதோ கொரியர் என்பதோடு சரி. வனஜா தன் வேலையையும் விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்று சொன்னவள் இன்னும் செய்யவில்லை.

"பண்ணுனா நீ வந்தேன்னு சொல்றேன். வேற என்ன சொல்லட்டும்?"

தாரணி யோசித்தாள். ரோல் நம்பர், வெள்ளிக்கிழமை, அனுமதிக்குக் காத்திருக்கும் வரிசை, காய்ச்சல். ஒரு போனில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லக்கூடியதாக எதுவும் இல்லை. அப்படியே சொன்னாலும், நீ ஏன் என்னைச் சாகடித்தாய் என்பதற்கு அதில் பதில் இல்லை.

"வந்தேன்னு சொல்லுங்க போதும்" என்றாள்.

அங்கிருந்து நேராகச் சைபர் சென்டருக்குப் போனாள். ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பக்கத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: வெளியிடு, நிராகரி. வெளியிட்டால் நாற்பத்தொரு பேரும் படிப்பார்கள். அவள் சொன்னது பொய் என்பதும் தெரியும், வீட்டுக்கதையும் தெரியும். விலாசமும் நம்பரும் இருந்த வரிகளை மறுபடி படித்தாள். இனி அந்த விலாசத்தில் யாரும் இல்லை. போன் நம்பர் பெர்னதெத்துடையது. அதற்காக மட்டும் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு மூன்றையும் வெளியிட்டாள்.

அதோடு புதிதாக ஒரு பதிவும் எழுதினாள். அக்காவைப் போலவே, ஆங்கில எழுத்துகளில் தமிழ். "அக்கா, நீ எழுதினது எதையும் நான் இன்னைக்கு வரைக்கும் பாக்கல. சனிக்கிழமை எழுதினது உனக்குப் பதில் இல்ல. ஆனா எழுதினது நான்தான். அப்பா சொம்பைக் குடுத்தப்ப ஊத்திக்கினதும் நான்தான். நீ எங்க இருக்கேன்னு மட்டும் எழுது." கடைசியாக, பின்னூட்டங்கள் காத்திருக்க வேண்டும் என்ற கட்டளையை எடுத்துவிட்டாள். யார் என்ன எழுதினாலும் இனி அப்படியே வரும்.

திங்கட்கிழமை வீணா மேடம் வகுப்பு முடிந்தபின் அவளை நிறுத்தினார். யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"காய்ச்சல் பொய்யா?"

"ஆமா மேடம்."

அவர் கோபப்படுவார் என்று தாரணி காத்திருந்தாள். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார், மூடினார்.

"பிப்ரவரி பாதியிலயே ரெண்டு வந்திருந்தது. நான் பாத்தேன். ரோல் நம்பர் இல்லேன்னு…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். காலியான வகுப்பறையிலிருந்து இருவரும் ஆளுக்கொரு கதவு வழியாக வெளியே போனார்கள்.

பஸ் ஸ்டாப்பில் சுனில் வந்து பக்கத்தில் நின்றான்.

"எங்கம்மாவுக்கு அப்பவே தெரியும்பா" என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உங்கப்பா கொழாயில ஊத்திக்கின அன்னைக்கே. அல்சூர் பூரா தெரியும்."

"அப்புறம் எதுக்குடா எனக்குக் கண்டோலன்ஸ் போட்ட?"

"நீதான செத்துட்டாங்கன்னு எழுதின. இல்ல உயிரோடதான் இருக்காங்கன்னு ரோல் நம்பர் போட்டு எழுதச் சொல்றியா?"

பஸ் வந்தது. அவன் ஏறிக்கொண்டான். அவள் ஏறவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொல்ல அவளுக்கு மேலும் நான்கு நாள் ஆயிற்று. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். பாஞ்சாலி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு ஏப்ரல் கடைசிலயோ மே மாசமோ கொழந்த பொறக்கும்மா. பூனாவுல."

கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யாரு சொன்னா?" என்றாள் பாஞ்சாலி.

தாரணி எல்லாவற்றையும் சொன்னாள். மாடிப்படியை இரண்டு முறை சொன்னாள். அம்மா நிமிரவேயில்லை. தண்டையும் இலையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"மொத பிரசவம்" என்றாள் கடைசியில். அவ்வளவுதான்.

மே மாதம் பரீட்சை முடிந்தது. வலைப்பதிவுக்கு என்ன மதிப்பெண் வந்தது என்று தாரணி போய்ப் பார்க்கவில்லை. வகுப்பில் யாரும் அந்தக் கடைசிப் பதிவின் கீழே எதுவும் எழுதவில்லை. ரோல் நம்பரோடு எழுதுகிற காலம் முடிந்திருந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அவள் சைபர் சென்டருக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்து, கீழே வரை இறக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். பெர்னதெத் வீட்டுக்கும் இரண்டு முறை போனாள். இரண்டாவது முறை அவர் கேட்டுக்கு வருவதற்கு முன்பே, தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாஞ்சாலி டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் பழைய மெல்லிய வாயில் பருத்திப் புடவைகளில் இரண்டை எடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்து, பல்லால் ஓரத்தைக் கடித்து, நேராகக் கிழித்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. சின்னச் சின்னச் சதுரங்களாக மடித்து அடுக்கினாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்காகத் தினம் செய்கிற வேலைதான். அளவு பார்க்கத் தேவையில்லை. எங்கே அனுப்புவது, யார் கொண்டுபோவது என்று தாரணி கேட்கவில்லை.

கோவிந்தராஜன் கிளப்புக்குக் கிளம்பி வந்தார். கூடம் முழுக்கத் துணி பரவிக் கிடந்தது. கிழித்த துணியின் அளவைப் பார்த்தாலே அது எதற்கென்று தெரியும். அவருக்கும் தெரிந்தது. ஏதோ கேட்கப்போகிறவர்போல நின்றார். பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தத் துணியும் காலில் படாமல் ஓரமாகத் தாண்டி, வாசலுக்குப் போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.

அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் பாஞ்சாலி காத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல பாத்தியா?"

"காலைல பாத்தேம்மா."

அம்மா அடுத்த புடவையின் ஓரத்தைப் பல்லில் வைத்தாள்.

"சாயங்காலம் இன்னொரு வாட்டி போயிட்டு வா" என்றாள்.